மார்ஃபிங் படங்களை நீக்க ஏழு மாதம்: என் முதல் படத்துக்குப் பிறகு நடந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நடித்ததற்கு வெட்கப்பட்டு இல்லை. பெயரைப் போட்டால் படிப்பவர்களில் நாலு பேராவது தேடிப் பார்ப்பார்கள், தேடத் தேட அந்த லிங்க்குகள்தான் மேலே ஏறி வரும். அவற்றை நீக்கத்தான் இந்த ஏழு மாதமும் அலைந்தேன்.

2024 ஆகஸ்ட்டில் படம் வந்தது. எனக்கு 20 வயது, முதல் படம், நாயகி வேடம். சாதி கடந்த காதல் கதை, ‘ஏ’ சான்றிதழ். அதில் ஒரு நெருக்கமான காட்சி, மொத்தம் ஒன்றரை நிமிடம். கதை முழுக்கக் கேட்டு, அம்மாவிடம் சொல்லி, சம்மதித்துத்தான் நடித்தேன். எடுத்த விதத்திலும் எனக்குக் குறை இல்லை. படம் வந்த மூன்றாம் நாள் போஸ்டரைக் கிழித்தார்கள், எங்கள் பக்கம் ஒரு தியேட்டரில் இரண்டு காட்சியோடு தூக்கிவிட்டார்கள், டிவியில் யார் யாரோ உட்கார்ந்து நான் பிறந்த தெரு, என் அம்மா பார்க்கும் வேலை எல்லாவற்றையும் பேசினார்கள். அதெல்லாம் பத்து நாளில் அடங்கிவிட்டது. அடங்காதது இரண்டு. அந்த ஒன்றரை நிமிடத்தை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி செய்து, வேறு சத்தம் சேர்த்து விட்ட வீடியோக்கள் ஒரு வகை. என் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிய படங்கள், அதாவது மார்ஃபிங், இன்னொரு வகை. இரண்டாவது நான் நடித்ததே இல்லை. ஆனால் படத்தில் நடித்தவள்தானே, இதுவும் அவளாகத்தான் இருக்கும் என்று ஊரே நம்பியது.

இந்த இரண்டையும் ஒரே புகாரில் கலந்து எழுதியதுதான் நான் செய்த முதல் தப்பு. யாருக்காவது இப்படி ஒரு நிலை வந்தால் (வரவே கூடாது) முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். படத்துக் காட்சிக்குப் போக வேண்டிய வழி வேறு, மார்ஃபிங்குக்கு வழி வேறு. கலந்து கொடுத்தால் வாங்குகிறவர் “இது படத்துல வந்ததுதான?” என்று முதல் லிங்க்கைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மூடிவிடுகிறார். எனக்கு மூன்று இடத்தில் அப்படித்தான் நடந்தது.

இரண்டாவது தப்பு, பயத்தில் செய்தது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே போனால் பெயர் சொல்லாமல் புகார் தரலாம், அல்லது பதிவு செய்துகொண்டு புகார் தந்து அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம். நான் பெயர் சொல்லாத வழியில் போனேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு, அம்மா தூங்கின பிறகு, போர்வைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். அதோடு சரி. அந்த வழியில் கொடுத்தால் பிறகு நிலை என்ன என்று பார்க்க முடியாது, யாரும் உங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள், ஏனென்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கே தெரியாது. இது புரியாமல் ஒரு மாதம் காத்திருந்தேன். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது லிங்க் முப்பதாகிவிட்டது.

அந்த மாதத்தில்தான் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். அம்மா அங்கே ஷூ கம்பெனியில் 18 வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்தவள். என் காலேஜுக்காக 2021-ல் வேலூரை ஒட்டிய காட்பாடியில் வாடகைக்கு வந்தோம். வீட்டுக்காரர் திட்டவில்லை, அம்மாவிடம் “வயசுப் பசங்க இருக்கிற வீடு, தப்பா எடுத்துக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று எட்டாயிரம் பிடித்துக்கொண்டார். ரயில்வே கேட் தாண்டி வேறு தெருவில் வீடு கிடைத்தது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபரில் காவல் நிலையத்துக்கு நேரில் போனேன். எந்த நிலையம் என்று எழுதவில்லை. உள்ளே ரைட்டர் மேசையில் போனைக் கொடுத்து, இதுதான் சார் என்றேன். அவர் வீடியோவை ஓட விட்டார். சத்தத்தைக் குறைக்கவில்லை. அந்தச் சேர்த்த சத்தத்தோடு, முழு வால்யூமில், அது அந்த அறை முழுக்க ஓடியது. பெஞ்சில் சைக்கிள் காணாமல் போன புகாரோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். ரைட்டர் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு என்னிடம், “ஏம்மா, நீதான நடிச்ச? அப்புறம் இன்னாத்துக்கு கம்ப்ளெய்ன்ட்டு?”

என்னால் பதில் பேச முடியவில்லை. அம்மாதான் பேசினாள். “நடிச்சதுக்கு சம்பளம் வாங்கினா சார். இது அவ இல்ல. தலை மட்டும்தான் அவளது” என்றாள். அம்மா அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் ஆதாரைக் கேட்டார்கள். என் ஆதார் 2014-ல் எடுத்தது, ‘ஆம்பூர், வேலூர் மாவட்டம்’ என்று இருக்கிறது. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயின, ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. எங்கள் பாட்டி இன்னும் எல்லாவற்றையும் வட ஆற்காடு என்றுதான் சொல்லுவாள், அவளுக்கு வேலூரே அதன் பிறகு வந்த பெயர். ஆதாரைப் பார்த்ததும் அவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. “ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம், அங்க போய்க் குடும்மா.” புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

மறுநாள் அம்மா லீவு போட்டாள். புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டி, ஆம்பூர் வரும்போது நான் துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். பிறந்து வளர்ந்த ஊர். தோல் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் அம்மா அந்தப் பக்கம் திரும்பி, அவள் கம்பெனி போகும் சாலை தெரிகிறதா என்று பார்த்தாள். யாரும் ஏறி எங்களைப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் ஏன் அப்படி ஒளிய வேண்டும்? திருப்பத்தூர் போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அங்கே ஒரு நிலையத்தில் சொன்னார்கள்: “குடியிருக்கிறது காட்பாடி, போன்ல பார்த்தது காட்பாடி, கேஸ் அங்கதாம்மா வரும்.” போக வர ஒரு நாள் போனது, அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது.

இங்கே கவனமாகப் படியுங்கள். இந்த அலைச்சலே தேவை இல்லாதது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அதே பிரிவில், பெண்களுக்கு எதிரான இந்த மாதிரிக் குற்றங்களில், அதாவது பின்தொடர்தல், ஒளிந்து படமெடுத்தல், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தல் போன்றவற்றில், பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது நவம்பரில்தான்.

சொன்னவர் சட்ட உதவி வக்கீல். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். நான் ஆகஸ்ட்டிலேயே அங்கே போயிருக்க வேண்டும். அந்த வக்கீல் அக்கா என் போனைக் கையில் வாங்கவே இல்லை. “படத்தை எனக்குக் காட்ட வேண்டாம்மா, லிங்க்கும் தேதியும் எழுதிக் குடு போதும்” என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைப் பார்க்காமலேயே என்னை நம்பினார். அங்கேயே அழுதுவிட்டேன்.

லிங்க்கும் தேதியும் எழுதித் தந்தவன் என் தம்பி. ப்ளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்கு அந்தப் படங்கள் முதலில் வந்ததே வகுப்புப் பையன் ஒருவன் அனுப்பித்தான், அதை எங்களிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகாமல் கோட்டை அகழிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். விஷயம் தெரிந்த பிறகு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் போட்டான்: வரிசை எண், லிங்க், பார்த்த தேதி, நேரம், போட்ட ஐடி, புகார் எண், இப்போதைய நிலை. ஒவ்வொரு லிங்க்கையும் திறந்ததும் தன் பரீட்சை அட்டையை எடுத்து ஸ்கிரீன் மேல் வைத்து மூடிவிடுவான். மேலே முகவரி வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு விரல் அகலம் விட்டிருப்பான். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுவான். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டி வந்தால், “அக்கா, இது நீ பண்ணு” என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான்.

அந்த நோட்டுதான் கடைசியில் வேலை செய்தது. வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, ஒவ்வொரு பதிவின் முழு லிங்க், தேதி, நேரம் வேண்டும். டெலிகிராம் என்றால் சேனல் பெயரை எழுதிப் பயனில்லை, பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்தக் குறிப்பிட்ட மெசேஜின் லிங்க்கை எடுத்து வையுங்கள். பென்டிரைவில் கொடுத்ததைப் போலீசில் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் இல்லை. மின்னணு ஆதாரத்துக்கு அது வேண்டும். இரண்டு பகுதி உள்ள படிவம், ஒன்று நீங்கள், இன்னொன்று நிபுணர் கையெழுத்து, ஃபைலின் ஹேஷ் எண்ணும் (அந்த ஃபைலுக்கே உரிய கைரேகை மாதிரியான எண்) அதில் போட வேண்டும். இதை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போனால் ஒரு நடை மிச்சம். போனையே வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கும், அதனால் எல்லாவற்றையும் இரண்டு காப்பி எடுத்து வேறு வேறு இடத்தில் வைத்தேன்.

வக்கீல் அக்கா எழுதிக் கொடுத்த மனுவோடு புதன்கிழமை எஸ்.பி. அலுவலகக் குறைதீர்ப்புக்குப் போனோம். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, இரண்டு நிமிடம்தான் பேசினேன். மறுநாள் காலை நிலையத்திலிருந்து போன். இந்தத் தடவை ஒரு பெண் உதவி ஆய்வாளர் தனி அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, நான் சொல்லச் சொல்ல டைப் செய்தார். எஃப்.ஐ.ஆரில், ஆபாசமானவற்றை இணையத்தில் பரப்புவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ பிரிவுகளும் சேர்ந்தன. மூன்று மணி நேரம் ஆனது. நகலைக் கையில் வாங்கியதும் அம்மா அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை.

எஃப்.ஐ.ஆர். ஆனால் படங்கள் தானாக நீங்கிவிடும் என்று நினைத்தேன். இல்லை. அது தனி வேலை. 2021-ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(பி) என்று ஒன்று உண்டு. நிர்வாணமாகவோ அரைகுறையாகவோ காட்டும் படம், முகத்தை மாற்றி ஒட்டிய படம் என்று பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால், நான் கொடுத்த சமயத்தில் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று இருந்தது. சாதாரணமாக ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை ஒரு தளத்திலிருந்து “எங்கள் விதிகளை மீறவில்லை” என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அதே லிங்க்கை, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, முதல் வரியிலேயே விதி எண்ணைப் போட்டு, எஃப்.ஐ.ஆர். நகலோடு அனுப்பினேன். 19 மணி நேரத்தில் பதினோரு லிங்க் போயிற்று. தம்பி நோட்டில் கடைசிக் கட்டத்தில் பச்சைப் பேனாவால் டிக் போட்டான். அன்றைக்கு அவனே போய் பிரியாணி வாங்கி வந்தான்.

மசியாத தளத்துக்கு மேல்முறையீடு உண்டு. 2023-இலிருந்து மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று இணையத்திலேயே இயங்குகிறது, கட்டணம் இல்லை. தளத்தின் பதில் வந்த 30 நாளுக்குள் போட வேண்டும், இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள், எனக்கு நாலு லிங்க் அப்படித்தான் கைவிட்டுப் போனது. ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற இலவச வசதியையும் பயன்படுத்தினேன். அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே அதற்கு ஒரு ஹேஷ் எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் அதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும், அதே படம் மறுபடி வந்தால் பிடிக்க உதவும்.

இதெல்லாம் மார்ஃபிங்குக்கு. படத்துக் காட்சியை வெட்டிப் போட்டவைதான் பெரிய தலைவலி, ஏனென்றால் படத்தின் உரிமை என்னுடையது இல்லை. பதிப்புரிமைப் புகார் தயாரிப்புத் தரப்பு கொடுக்க வேண்டும். கேட்டபோதெல்லாம் “பண்ணிடலாம்மா, பண்ணிடலாம்” என்றார்கள். டிசம்பரில்தான் பார்த்தேன், அவர்கள் சேனலிலேயே அந்தக் காட்சி தனித் துண்டாக, நான் இங்கே எழுத முடியாத ஒரு தலைப்போடு கிடந்தது. என் ஒப்பந்தம் 11 பக்கம், முழுக்க ஆங்கிலம், ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்ற ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. 75,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன்.

வக்கீல் அக்கா விடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 38பி என்ற பிரிவு நடிப்பவர்களுக்கு ஒரு தார்மிக உரிமை தருகிறது. நம் நடிப்பைச் சிதைத்து, பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி மாற்றினால் தடுக்கக் கேட்கலாம், மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் இது நம்மிடமே இருக்கும். வேகத்தைக் குறைத்ததும் சுற்றிச் சுற்றி ஓட விட்டதும் சிதைப்புதான் என்று நோட்டீஸ் அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அவர்கள் சேனலில் இருந்து எடுத்துவிட்டார்கள், மற்ற இடங்களிலும் நீக்க எனக்கு அதிகாரக் கடிதமும் தந்தார்கள். ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லை, கூரியரில்தான் வந்தது. புதிதாக நடிக்கப் போகிற பெண்களே, நெருக்கமான காட்சியின் எந்தத் துணுக்கையும் தனியாக வெளியிட என் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலும் கேளுங்கள்.

தூக்கம் வராத ராத்திரிகளில் பி.கே. ரோஸியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மலையாளத்தின் முதல் படத்தின் நாயகி. தலித் பெண், நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் திரையின் மேல் கல்லெறிந்தார்கள், அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ஒரு லாரி ஓட்டுநரின் உதவியோடு தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்து, அவரையே கல்யாணம் செய்துகொண்டு நாகர்கோவிலில் இருந்திருக்கிறார். அதன் பிறகு நடிக்கவே இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அவர் நடித்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என்னுடையது அழிய வேண்டும் என்று நோட்டுப் போட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அவருடையது ஒரு நிமிடமாவது கிடைக்காதா என்று தேடினேன்.

எனக்கு இந்த ஏழு மாதத்தில் நாலு இடத்தில் கூப்பிட்டார்கள். மூன்றில் அதே மாதிரிக் காட்சிக்கு. நாலாவதில் ஒரு நர்ஸ் வேடம், எட்டு நாள் வேலை, ஜனவரியில் முடித்துக் கொடுத்தேன். அந்தத் தடவை அந்த வரியைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன், அப்படிப்பட்ட காட்சி அதில் ஒன்றுமே இல்லை என்றாலும்.

இன்றைய கணக்குக்கு நோட்டில் 65-இல் 48 பச்சை. இரண்டு பேரின் ஐடி விவரம் நிலையத்துக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள், குற்றப்பத்திரிகை இன்னும் ஆகவில்லை, அடுத்த புதன் மறுபடி போக வேண்டும். தம்பிக்குப் பரீட்சை நடக்கிறது, அதனால் இந்த மாதம் நோட்டை நான்தான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி புதிதாக இரண்டு வந்தன, 64, 65. பரீட்சை அட்டை அவன் பையில் இருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. அப்படியே பார்த்து எழுதிவிட்டேன்.